ஊர்ப்பெயர் தாங்கிய கிண்ணங்கள்



2018ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் தென்கொரிய அதிபர் மூன் ஜே இன்னும் பன்முன்ஜோம் எல்லைக் கிராமத்தில் சந்தித்தார்கள். அணு ஆயுதம், போர் முடிவு, பிரிந்த குடும்பங்கள் என்று பேசுவதற்கு மலைபோல விஷயங்கள் குவிந்திருந்த நாள். காலையில் உட்கார்ந்ததும் கிம் முதலில் பேசியவற்றில் ஒன்று சாப்பாடு. இரவு விருந்துக்காகப் பியோங்யாங்கிலிருந்து நெங்மியோன் வரவழைத்திருப்பதாகச் சொன்னார். வெகுதொலைவிலிருந்து வந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, தொலைவு என்று சொல்லக்கூடாதோ என்று தானே திருத்திக்கொண்டு சிரித்தார். எதிரே இருந்தவர்களும் சிரித்தார்கள்.

வந்து இறங்கியது நூடுல்ஸ் அல்ல, அதைப் பிழியும் இயந்திரம். பியோங்யாங்கின் ஒக்ரியுக்வான் உணவகத்திலிருந்து தலைமைச் சமையற்காரரும் வந்திருந்தார். எல்லைக்கு வடபுறமுள்ள தோங்கில்காக் கட்டடத்தில் இயந்திரத்தைப் பொருத்தி, பிழிந்து, வேகவைத்து, தென்புறத்து விருந்துக் கூடத்துக்குச் சுடச்சுட என்று சொல்ல முடியாது, குளிரக்குளிரக் கொண்டுபோனார்கள். (சிரிப்பு) அன்று மதியமே சியோலில் நெங்மியோன் கடைகளின் வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு வரிசை நின்றது.

ஒரு சாப்பாட்டுக்காக இயந்திரமே எல்லைவரை பயணம் போக வேண்டியிருந்தது ஏன்? அந்தச் சாப்பாடு ஓர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு அலைவது ஏன்? இந்த இரண்டையும்தான் இன்று பேசப்போகிறேன். கிம்ச்சியைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் மன்னிக்கவும். கொரியத் தொடர்களின் புண்ணியத்தில் கிம்ச்சி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நெங்மியோன் இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் அல்லது வெண்கலக் கிண்ணம். அதில் நூல்கண்டுபோலச் சுருட்டி வைத்த மெல்லிய சாம்பல்நிற நூடுல்ஸ். அது மூழ்கும்வரை தெளிந்த சாறு. பெரும்பாலும் மேலே பனித்துகள் மிதக்கும். நூடுல்ஸின் உச்சியில் வேகவைத்த இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த முள்ளங்கி, வெள்ளரி, பேரிக்காய்ச் சீவல், பாதி முட்டை. பக்கத்தில் வினிகரும் கடுகு விழுதும். இது சாறு ஊற்றியது. இதற்கு முல் நெங்மியோன் என்று பெயர், முல் என்றால் தண்ணீர். சாறில்லாமல் சிவப்பு மிளகாய் விழுதில் புரட்டினால் பிபிம் நெங்மியோன். பிபிம் என்றால் பிசைவது.

'நெங்' குளிர், 'மியோன்' நூடுல்ஸ். இரண்டும் சீன எழுத்து வழியாகக் கொரிய மொழிக்குள் வந்தவை. தெற்கே நெங்மியோன் என்பதை வடக்கே ரெங்மியோன் என்பார்கள். இத்தகைய சொற்களின் முதலில் வரும் ரகரத்தைத் தென்கொரிய வழக்கு ஏற்பதில்லை, நகரமாக்கிவிடும். ராமனை இராமன் என்று எழுதிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. வடகொரியாவோ ரகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரே கிண்ணம்தான், கடைப்பலகையைப் பார்த்தே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இரண்டுமே படித்தவர்கள் வைத்த பெயர். அடுப்படியில் புழங்கிய சொல் குக்ஸு. நூடுல்ஸ் எதுவானாலும் குக்ஸுதான். பியோங்யாங்கைச் சுற்றியுள்ள பியோங்கான் நாட்டில் வெறும் குக்ஸு என்று சொன்னாலே குளிர்ந்த சாறு ஊற்றியது என்று பொருள், அடைமொழி வேண்டாம். அந்த மண்ணில், ஜொங்ஜுவில் பிறந்த கவிஞர் பெக் ஸொக், 1941இல் இந்த உணவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். இன்று கொரியாவில் நெங்மியோன் பற்றிப் பேசும் எவரும் அதைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. பனி பெய்யும் இரவு, ஃபெசன்ட் என்னும் காட்டுப் பறவையின் கறி, முள்ளங்கிச் சாறு, கணகணப்பான தரை எல்லாம் அதில் உண்டு. தலைப்பு 'குக்ஸு'. நெங்மியோன் என்ற சொல் கவிதை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

அப்படியானால் 'பியோங்யாங் நெங்மியோன்' எங்கே பிறந்தது? சியோலில் என்பது என் கட்சி. உணவு பியோங்யாங்கினுடையது, பெயர் சியோலினுடையது. உள்ளூரில் சாப்பிடுகிறவனுக்கு ஊர்ப்பெயர் எதற்கு? வெளியூரில் விற்கிறவனுக்கும், வெளியூரில் ஏங்குகிறவனுக்கும்தான் அது தேவைப்படுகிறது. இந்தச் சாப்பாட்டின் கதை நெடுக இதைத்தான் பார்க்கிறோம்.

பழைய ஏடுகளுக்குப் போவோம். ஜோசன் அரசு காலத்து அறிஞர் ஜாங் யூ 1638இல் இறந்தவர். ஊதாநிறச் சாற்றில் கிடக்கும் குளிர்ந்த நூடுல்ஸைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நெங்மியோன் என்ற சொல்லுக்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. 1809இல் பிங்ஹோகக் யீ என்ற பெண்மணி குடும்பப் பெண்களுக்கென்று எழுதிய 'கியுஹாப் சொங்ஸோ' என்ற நூலில் செய்முறையே இருக்கிறது. அவர் தனியாக நூடுல்ஸ் என்று தலைப்பிடவில்லை. தோங்சிமி என்னும் முள்ளங்கி நீர்க் கிம்ச்சி செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்து, அந்த நீரில் மெல்லிய நூடுல்ஸைப் போட்டு, பேரிக்காயும் பன்றிக்கறியும் முட்டையும் மேலே தூவி, மிளகும் பைன் விதையும் சேர்த்தால் அதுவே நெங்மியோன் என்று முடிக்கிறார். கவனியுங்கள்: அவருக்கு முதன்மை ஊறுகாய் நீர்தான், நூடுல்ஸ் அதில் விழுந்த விருந்தாளி.

1849இல் ஹோங் ஸொக் மோ எழுதிய 'தோங்குக் ஸெசிகி' கொரியரின் ஆண்டு வழக்கங்களை மாதவாரியாகச் சொல்லும் நூல். அதில் நெங்மியோன் எந்த மாதத்தில் வருகிறது தெரியுமா? பதினோராம் மாதம். நடுக்குளிர்காலம். பக்வீட் என்னும் விதையின் மாவு நூடுல்ஸை முள்ளங்கி, முட்டைக்கோஸ் கிம்ச்சி நீரில் போட்டுப் பன்றிக்கறியோடு சாப்பிடுவது என்று சொல்லிவிட்டு, வடமேற்கு நாட்டினுடையதே சிறந்தது என்று சான்றிதழும் கொடுக்கிறார். எழுதியவர் சியோல்காரர். ஊர்ப்பெயரின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

குளிர்காலத்தில் குளிர்ந்த சாப்பாடா என்று கேட்பீர்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பல பாகை. உள்ளே ஒந்தோல் என்னும் தரை. அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டுக் கல்லைச் சூடாக்கும் ஏற்பாடு. அந்தச் சூட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முற்றத்துத் தாழியிலிருந்து பனி உடைத்து மொண்டுவந்த சாற்றில் நூடுல்ஸ் சாப்பிடுவது அவர்களுடைய நெடிய இரவுகளின் சுகம்.

ஆனால் எல்லாரும் குளிர்காலத்தில்தான் சாப்பிட்டார்கள் என்று சத்தியம் செய்யவும் முடியாது. ஹ்வாங் யுன் ஸொக் என்ற அறிஞரின் நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. 1768ஆம் ஆண்டு, சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம், அரசுத் தேர்வு எழுதிய மறுநாள் நண்பர்களோடு நெங்மியோன் வரவழைத்துச் சாப்பிட்டதாகக் குறித்திருக்கிறார். நல்ல வெயில் காலம். கொரியாவில் உணவை வீட்டுக்கு வரவழைத்ததற்கான முதல் சான்று என்று இதை இன்றைய விநியோக நிறுவனங்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றன. தேர்வு முடிந்த மறுநாள் மாணவர்கள் செய்வது 250 ஆண்டுகளாக மாறவில்லை.

அரசர்களும் இதற்கு விலக்கில்லை. 1800இல் சிறுவனாக அரியணையேறிய ஸுன்ஜோவைப் பற்றி ஒரு கதை, யீ யூ வொன் 1871இல் முடித்த தொகுப்பில் வருகிறது. நிலா பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் காவலர்களை அழைத்து நெங்மியோன் வாங்கிவரச் சொன்னார் அரசர். ஒருவன் மட்டும் தன் பணத்தில் பன்றிக்கறியும் வாங்கிவந்தான். எதற்கு என்று கேட்டதற்கு நெங்மியோனில் போட்டுக்கொள்ள என்றான். அரசர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் கிண்ணம் பகிர்ந்தபோது அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவனுக்குத்தான் தனியாகச் சாப்பிட ஏதோ இருக்கிறதே என்றாராம். இது பொதுவாக அரசரின் நகைச்சுவை உணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதை. எனக்கு அந்தக் காவலனை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது. ஜோசனின் கடைசிக் காலத்து அரசர் கோஜோங் இன்னொரு நெங்மியோன் பிரியர். காரமும் உப்பும் ஆகாதவர். அவருடைய கிண்ணத்தில் கறியைச் சிலுவை வடிவில் அடுக்கி, மீதி இடத்தையெல்லாம் கரண்டியால் பிறைபோலச் சுரண்டிய பேரிக்காயாலும் பைன் விதையாலும் நிரப்புவார்கள் என்று அவருடைய அந்தப்புரத்தில் இருந்த ஒரு பெண்மணியின் நினைவுகள் சொல்கின்றன.

இனி பண்டங்களுக்கு வருகிறேன். இந்தச் சாப்பாட்டில் தற்செயலாகச் சேர்ந்தது என்று எதுவும் கிடையாது.

பக்வீட்டை வட இந்தியாவில் குட்டு என்பார்கள். நவராத்திரி விரதத்தின்போது அதன் மாவில் பூரி சுடுவார்கள். தானியம் விலக்கு என்ற விரதத்தில் அது அனுமதிக்கப்படுவதற்குக் காரணம், அது தானியமே அல்ல. நெல், கோதுமைபோலப் புல்லினத்தில் சேராது. வேறு குடும்பத்துச் செடியின் முக்கோண விதை. கொரியர்கள் மெமில் என்பார்கள். கெட்ட மண், குளிர், குறைந்த நாள்: இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கும். இரண்டு இரண்டரை மாதத்தில் அறுவடை. முதல் பயிர் வறட்சியில் போய்விட்டால் கோடையின் நடுவில்கூட இதை விதைத்துப் பஞ்சத்தைத் தள்ளலாம். இலையுதிர்காலத்தின் கடைசியில் களத்துக்கு வரும். புதுமாவின் மணம் குளிர்காலத்தில்தான் உச்சத்தில் இருக்கும்.

அதில் ஒரு குறை. கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் இதில் இல்லை. இழுத்தால் அறுந்துவிடும். சீனர்களைப்போலக் கையால் இழுத்து நூலாக்க முடியாது. அரிசி மாவுக்கும் இதே குறைதான். அதனால்தான் நாம் உரலில் போட்டு இடியாப்பமாகப் பிழிகிறோம். கொரியர்களும் அதையே செய்தார்கள், மரத்தில், ஆள் உயரத்துக்கு. குக்ஸுதுல் என்பது அந்த அச்சின் பெயர். கொதிக்கும் அண்டாவின் மேலேயே அதை நிறுத்தி, வெந்நீரில் பிசைந்த மாவை இட்டு அழுத்துவார்கள். இழை நேராகக் கொதிநீரில் விழும், ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும், உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். தாமதித்தால் குழைந்துபோகும். பன்முன்ஜோமுக்கு இயந்திரமே ஏன் போக வேண்டியிருந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அந்த மர அச்சை அழுத்துவது லேசான வேலையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிம் ஜுன் கூன் என்ற ஓவியர் அன்றாடத் தொழில்களை வரைந்து வைத்திருக்கிறார். அதில் ஒரு படம்: ஓர் ஆள் முதுகை அச்சின் நெம்புகோல்மேல் சாய்த்துத் தலைகீழாகக் கிடந்து, கால்களை மேலே உதைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்துப் பிழிகிறான். கீழே இன்னொருவன் அண்டாவைக் கிளறுகிறான். பியோங்யாங்கில் நெங்மியோன் கடைகள் பெருகியபோது கடைத் தொழிலாளர்கள் 1920களிலேயே சங்கம் வைத்தார்கள், கூலிக்காக வேலைநிறுத்தமும் செய்தார்கள். உணவின் பெருமை பேசும் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் சங்கம் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியிருக்காது. 1930களில் இரும்பு அச்சு வந்த பிறகுதான் தலைகீழாகக் கிடக்கும் வேலை ஒழிந்தது.

அடுத்தது சாறு. தோங்சிமி என்பது முழு முள்ளங்கியை உப்புநீரில் ஊறப்போடுவது. முன்பனிக் காலத்தில் தாழியை மண்ணில் புதைத்துவிட்டால், மெல்லப் புளித்து, நாக்கில் சுருக்கென்று குமிழியடிக்கும் நீராக மாறும். தெற்கே வெப்பம் கூடுதல் என்பதால் கிம்ச்சி கெடாமலிருக்க உப்பும் மிளகாயும் புளிக்கவைத்த மீன் சாறும் தாராளமாக வேண்டும். வடக்கே குளிரே காவல். உப்புக் குறைவு, மிளகாய் குறைவு, நீர் அதிகம். ஆகவே கிம்ச்சி நீரை அப்படியே குடிக்கலாம், அதில் நூடுல்ஸும் போடலாம். அதோடு ஃபெசன்ட் பறவையை வேகவைத்து, கொழுப்பை எடுத்துவிட்ட சாற்றைக் கலப்பார்கள். பிறகு அந்த இடத்துக்கு மாட்டிறைச்சியும் கோழியும் பன்றியும் வந்தன. இன்று சியோலின் பேர்பெற்ற கடைகளில் சில மாட்டிறைச்சிச் சாற்றை மட்டுமே நம்புகின்றன. தோங்சிமி ஒரு துளியும் சேர்க்காத கடைகளும் உண்டு. பிங்ஹோகக் யீ இன்று வந்தால் இதை நெங்மியோன் என்று ஒப்புக்கொள்வாரா என்பது ஐயம்தான்.

மேலே வைக்கும் முள்ளங்கிக்கும் கடுகுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். பக்வீட் உடம்புக்குக் குளிர்ச்சி, முள்ளங்கியும் கடுகும் அதை நேர்செய்யும் என்பது அவர்களுடைய மருத்துவ நம்பிக்கை. பேரிக்காய் இனிப்புக்கு. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் சாற்றுக்கு அது இனிப்புச் சேர்த்தது.

இப்படி ஒவ்வொரு பண்டமும் குளிர்காலத்தையே கைகாட்டும்போது, இன்று சியோலில் ஜூலை மாத வெயிலில் ஏன் வரிசை நிற்கிறது? இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று ஐஸ் ஆலை. அதற்குமுன் கோடையில் ஐஸ் என்பது ஹான் ஆற்றில் குளிர்காலத்தில் வெட்டி அரசுக் கிடங்குகளில் சேமித்தது. பெரும்பாலும் அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும். ஜப்பானிய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஐஸ் ஆலைகள் வந்தபின் தெருக்கடைக்காரனும் ஆடி மாதத்தில் ஐஸ் போட முடிந்தது. ஆனால் ஐஸ் இருந்தாலும் கோடையில் தோங்சிமி கிடையாதே, சாற்றுக்கு என்ன செய்வது?

இங்கேதான் நமக்கெல்லாம் பழக்கமான ஒரு பெயர் நுழைகிறது. அஜினோமோட்டோ. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 1908இல் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்த பொடி. நம் ஊர்த் தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது கொரிய நெங்மியோன் கடைகளைக் குறிவைத்தது. செய்தித்தாள்களில் நெங்மியோன் கிண்ணத்தைப் படமாகப் போட்டே விளம்பரங்கள் வந்தன. பெரிய அண்டாவில் கறி வேகவைக்காமல், மாதக்கணக்கில் முள்ளங்கி புளிக்கவைக்காமல், ஒரு சிட்டிகையில் சாறு சுவைத்தது. பழமை பேசுகிறவர்கள் இதை இழிவாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஐஸும் அந்த வெள்ளைப் பொடியும் இல்லையென்றால் நெங்மியோன் வடமேற்கு மூலையில் ஒரு குளிர்கால வழக்கமாகவே நின்றிருக்கும். ஆனால் கோடையில் நகரத்துக்கு வந்ததால் கெட்ட கறியும் கெட்ட நீரும் கலந்து வயிற்றுப்போக்கும் உணவு நஞ்சாதலும் பரவின. அந்தக் காலச் செய்தித்தாள்கள் அதையும் விடாமல் எழுதின.

1920களில் சியோலில் பியோங்யாங் பெயரைப் போட்ட கடைகள் பெருகின. சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு தோளில் கிண்ணங்கள் அடுக்கிய நீளப் பலகையைத் தாங்கி, கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகும் பையன்கள் நகரத்தின் அன்றாடக் காட்சியாகிவிட்டார்கள். 1929 டிசம்பரில் சியோலின் 'பியோல்கொன்கொன்' இதழ் ஊர்ப் பெருமை உணவுகளை வரிசையாக எழுதியபோது, பியோங்யாங் நெங்மியோனை நான்கு பருவத்துக்கும் உரிய சிறப்பு என்று கொண்டாடியது. குளிர்காலத்து உணவு எண்பது ஆண்டில் நான்கு பருவத்துக்குமாக ஆகிவிட்டது. பெயரும் முழுசாக ஒட்டிக்கொண்டது.

இனி வடகிழக்குக்குப் போவோம். ஹம்கியோங் நாடு. மலைப்பகுதி, கெமா பீடபூமி. உருளைக்கிழங்கு சீன எல்லை வழியாக 1820களில் இங்கேதான் கொரிய மண்ணுக்குள் வந்தது என்பார்கள். நெல் விளையாத அந்த உயரத்தில் அது வேர்பிடித்தது. கிழங்கை அரைத்து மாவுச்சத்தைப் படியவைத்து அதில் நூடுல்ஸ் பிழிந்தார்கள். மாவுச்சத்துக்கு அவர்கள் சொல் நொங்மா; ஆகவே நொங்மா குக்ஸு. வெந்து குளிர்ந்ததும் அது கம்பிபோல இறுகும். பல்லால் கடித்து அறுப்பது எளிதல்ல. கீழ்க்கடலில் கிடைத்த நாக்குமீன் வகையைப் பச்சையாகக் காரத்தில் ஊறவைத்து மேலே போட்டால் அது மீன் குக்ஸு. அந்த நாட்டின் ஹம்ஹுங் நகரத்தில் இதை யாரும் நெங்மியோன் என்று சொன்னதில்லை.

1950 டிசம்பர். கொரியப் போரில் சீனப்படை இறங்கியபின் ஐ.நா. படைகள் ஹம்ஹுங்கின் துறைமுகமான ஹுங்நாமிலிருந்து கப்பலேறின. அவர்களோடு ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்களும் ஏறினார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்கள் பலர். 1953இல் போர்நிறுத்தக் கோடு விழுந்தது. திரும்ப முடியவில்லை. சியோலின் ஒஜாங்தோங் பகுதியிலும், எல்லைக்கு அருகே ஸொக்சோவின் அபாய் கிராமத்திலும் அவர்கள் குக்ஸு அச்சை நட்டார்கள். உருளைக்கிழங்கு மாவு கிடைக்காத இடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவு. நாக்குமீன் இடத்தில் சியோலில் திருக்கை, ஸொக்சோவில் பொல்லாக் மீன். கடைக்குப் பெயர் வைக்க வேண்டும். தெற்கத்தியருக்கு நொங்மா என்றால் புரியாது. பியோங்யாங் நெங்மியோன் ஏற்கெனவே பேர்பெற்று நிற்கிறது. அப்படியானால் இது ஹம்ஹுங் நெங்மியோன். மாவு மாறி, மீன் மாறி, பெயரும் மாறிய பிறகு, பழைய ஊரின் பெயரைப் பலகையில் எழுதிவைத்தார்கள்.

பியோங்யாங்காரர்களும் அதே கதைதான். சியோலின் ஊ ரே ஒக் உணவகம் 1946இல் பியோங்யாங்கிலிருந்து வந்தவர்களால் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. போரில் ஓடி, போர் முடிந்து திரும்பியபின் வைத்த பெயர்தான் ஊ ரே ஒக். மீண்டும் வந்த வீடு என்று பொருள். பூசானுக்குப் போன அகதிகளிடம் பக்வீட்டும் இல்லை, கிழங்கு மாவும் போதவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதில் பிழிந்ததுதான் மில்மியோன், கோதுமை நூடுல்ஸ். இன்று பூசான்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சொத்தாகப் பெருமை பேசுவார்கள்; நியாயம்தான்.

என் கட்சிக்கு மிக வலுவான சாட்சி ஜப்பானில் இருக்கிறது. வடக்கு ஜப்பானில் மொரியோகா என்ற நகரம். 1954இல் யாங் யொங் சொல் என்பவர் அங்கே ஓர் உணவகம் திறந்தார். அவர் பிறந்தது ஹம்ஹுங். பிழிந்தது ஹம்ஹுங்கின் கடினமான இழை. பலகையில் எழுதியதோ பியோங்யாங் நூடுல்ஸ். பெயருக்கு விலை இருந்தது, அவ்வளவுதான். முதலில் ரப்பர்போல இருக்கிறதென்று முகம் சுளித்த ஜப்பானியர்கள் மெல்லப் பழகிக்கொண்டார்கள். 1986இல் அந்நகரில் நடந்த நூடுல்ஸ் விழாவை ஒட்டி அதன் பெயர் மொரியோகா ரெய்மென் என்று மாறியது. இப்போது கோடையில் அதன்மேல் தர்ப்பூசணித் துண்டு வைக்கிறார்கள். ஒரே கிண்ணம் மூன்று ஊருக்கு மகனாகிவிட்டது.

எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஹம்கியோங் மக்கள் ரஷ்ய எல்லைக்குக் குடிபெயர்ந்தார்கள். 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுமார் 1,70,000 கொரியர்களை ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்குக் கடத்தியது. உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் கோதுமை நூடுல்ஸைக் குளிர்ந்த வினிகர்ச் சாற்றில் போட்டு, மாட்டிறைச்சியும் வெள்ளரியும் முட்டைக் கீற்றும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் குக்சி. ஹம்கியோங் பேச்சில் குக்ஸு அப்படித்தான் ஒலிக்கும். ஊரைவிட்டு எல்லாரையும்விடத் தொலைவு போனவர்கள் ஊர்ப்பெயர் வைக்கவில்லை, வீட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கடை வைத்து யாருக்கும் விற்பதற்காக அங்கே போகவில்லை.

தெற்கே ஜின்ஜு நகரத்துக்கும் தனி நெங்மியோன் உண்டு: நெத்திலி, மட்டி, பொல்லாக் கருவாட்டுச் சாறு, மேலே முட்டையில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சி. சுவையானது, ஆனால் நம் வாதத்துக்கு அது பக்கச்சாலை.

இன்றைய சண்டைகளுக்கு வருவோம். பியோங்யாங் நெங்மியோனை முதல்முறை சாப்பிடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். உப்பில்லை, உறைப்பில்லை. துடைத்த துணியை அலசிய தண்ணீர் என்று கொரியர்களே கேலி செய்வார்கள். பழகியவர்கள் அந்தச் சப்பென்ற சுவையை 'ஸும்ஸும்' என்று கொஞ்சுவார்கள். பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆபத்து. வினிகர் ஊற்றாதே, கடுகு போடாதே, கத்தரிக்கோலால் வெட்டாதே, முதலில் சாற்றைக் குடி என்று பாடம் நடத்துவார்கள். இந்தத் தொல்லைக்கு இளைஞர்கள் 'மியோன்ஸ்பிளெயின்' என்று பெயரே சூட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2018இல் தென்கொரியர்கள் தெடோங் ஆற்றங்கரையிலுள்ள ஒக்ரியுக்வானுக்கே போனபோது, பரிமாறிய பெண்கள் வினிகரை நூடுல்ஸின் மேல் ஊற்றி, கடுகும் கலந்து சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். நூடுல்ஸும் சியோலில் உள்ளதைவிடக் கறுப்பாக இருந்தது. எது அசல் என்று சியோல் பத்திரிகைகள் பல நாள் விவாதித்தன. இரண்டும் அசல்தான். எழுபது ஆண்டுகளாக ஒன்றையொன்று பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் வேறென்ன செய்யும்? சியோல் நினைவில் வைத்துக் காத்தது. பியோங்யாங் தினமும் சமைத்து மாற்றிக்கொண்டே போனது.

2022இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் 'பியோங்யாங் ரெங்மியோன் வழக்கம்' என்று சேர்த்தது. விண்ணப்பித்தது வடகொரியா. ஆண்டின் முதல் பௌர்ணமிக்கு முந்தைய நாள் நீண்ட ஆயுளுக்காக நீண்ட இழையைச் சாப்பிடும் பழக்கமும் அந்த வழக்கத்தில் அடங்கும். நான்கு ஆண்டு முன்னால் இரு நாடுகளும் கூடி மல்யுத்தக் கலையைப் பதிவு செய்திருந்தன. நூடுல்ஸுக்கு அந்த ஒற்றுமை வாய்க்கவில்லை. வெளியூரார் வைத்த பெயரை ஊரே வாங்கித் தன் முத்திரையைக் குத்திக்கொண்டது.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: சைவர்கள் இதைச் சாப்பிடலாமா? கூடாது. சாறு தெளிவாக இருக்கிறதென்று நம்பிவிடாதீர்கள். அது கறி வெந்த சாறு. மேலேயுள்ள துண்டை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று கேட்பதில் பயனில்லை. பிபிம் வகையிலும் விழுதில் பெரும்பாலும் கறியோ மீனோ இருக்கும். பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும். முன்பு சாப்பிட்டுப் பழகாதவர்கள் கொஞ்சமாகத் தொடங்குங்கள். குளிர்ந்த நூடுல்ஸ்தான் வேண்டும், கறி வேண்டாம் என்றால் கடையில் கொங்குக்ஸு இருக்கிறதா என்று கேளுங்கள். சோயாவை ஊறவைத்து வேகவைத்து அரைத்த குளிர்ந்த பாலில் கோதுமை நூடுல்ஸ். மேலே வைக்கும் முட்டையை வேண்டாமென்று சொல்லிவிடலாம். உப்புப் போடாமல்தான் கொண்டுவருவார்கள். மேசையில் இருக்கும், வேண்டிய அளவு நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். தென்மேற்கே ஜொல்லா பகுதிக்காரர்கள் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்து மற்ற கொரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.